உடுவிலில் இருந்து வனப் பூங்காக்களுக்கு: குடும்ப வான் பயணம் போடுவது எப்படி?

உடுவில், இணுவில், சுன்னாகம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நீண்ட பயணம் என்றால் அது வான் பயணம்தான். ஹைஏஸ் வான் ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்து, தெரிந்த சாரதியைக் கூப்பிட்டு, அம்மம்மாவை முன்சீற்றிலும் பிள்ளைகளைப் பின்சீற்றிலும் ஏற்றி, பானை சட்டி உட்பட எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு புறப்படுவோம். கண்டி, நுவரெலியா, கதிர்காமம், கொழும்பு என்று ஒரு சுற்று. நடுவில் நேரம் கிடைத்தால் தேசிய பூங்கா ஒன்றையும் எட்டிப் பார்ப்பது. பின்னேரம் நாலரை மணிக்கு யால வாசலில் போய் நின்று, கிடைத்த ஜீப்பில் ஏறி, இரண்டு மயிலையும் ஒரு எருமைக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, 'அங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

காட்டில் இல்லாமல் இல்லை. எட்டிப் பார்க்கப் போனதுதான் பிழை. பூங்காக்களையே நோக்கமாக வைத்து, குடும்பமாக, பத்துப் பன்னிரண்டு நாள் போவதென்றால் எப்படிப் போடலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். வான் பயணத்தில் நமக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அவற்றில் பாதி காட்டுக்கு நன்றாகப் பொருந்தும், மற்றப் பாதியை ஆனையிறவோடு விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் முதலில் கேட்பது ஆர்.வி. கிடைக்குமா என்றுதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி அது. அமெரிக்காவில் யெலோஸ்டோன் 1872இல் உலகின் முதல் தேசிய பூங்காவானது. கனடாவின் முதல் பூங்காவான பான்ஃப் 1885இல் தொடங்கியது. அங்கெல்லாம் அந்த வண்டியைப் பூங்காவுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து, இரவு அதிலேயே படுக்கலாம். இங்கே பூங்காச் சட்டமும் வேறு, பாதையும் வேறு. வில்பத்து, யால, குமண போன்ற காடுகளுக்குள் நமது வான் போகாது. மணல், சேறு, பள்ளம் நிறைந்த பாதை; நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வேண்டும். வானை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பில் மாற வேண்டும். வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். இரவில் உள்ளே தங்குவதென்றால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாவையோ முகாம் இடத்தையோ முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விதிவிலக்கு ஹோட்டன் சமவெளி. அங்கே ஃபார் இன் என்ற பழைய விடுதிக் கட்டடம் வரை சொந்த வானிலேயே போகலாம். அதற்கு அப்பால் எல்லோரும் நடைதான்.

அடுத்தது காலம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடுதான் இந்தப் பயணம் அமையும். வழக்கமாக அது ஓகஸ்ட். (அண்மை ஆண்டுகளில் தவணை அட்டவணை இடம் மாறி மாறி வந்திருக்கிறது. வானுக்கு முற்பணம் கொடுக்க முன் அதைப் பாருங்கள்.) வடக்கிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஓகஸ்ட் கடும் வறட்சிக் காலம். பயணிக்கு வெயிலும் புழுதியும் தொல்லை, ஆனால் காடு பார்க்க வந்தவருக்கு அதுதான் நல்ல காலம். காட்டுக்குள் சின்னச் சின்னக் குட்டைகள் எல்லாம் வற்றிப்போக, மிருகங்கள் மிஞ்சிய குளங்களைத் தேடி வந்தாக வேண்டும். இலை உதிர்ந்து பற்றைகள் மெலிந்திருக்கும். பார்வை தூரம் போகும். மாரியில் இதே காட்டுக்குப் போனால் எங்கும் பச்சை, எங்கும் தண்ணீர். மிருகம் எங்கே நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் வறட்சி முற்றினால் வாசலையே மூடிவிடுவார்கள். யாலவின் முதலாம் பிரிவு பெரும்பாலான ஆண்டுகளில் செப்டெம்பர் தொடக்கத்தில் மூடி, ஒக்ரோபர் நடுப்பகுதியில்தான் திறக்கும். ஆகவே பயணத்தைச் செப்டெம்பருக்குள் இழுக்க வேண்டாம்.

நமக்கு ஓகஸ்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாள். தேரும் தீர்த்தமும் விட்டுவிட்டு ஒரு வானுக்கு ஆள் சேர்ப்பது உடுவிலில் நடக்காத காரியம். கொடியேற்றத்துக்கு முன்னரே போய் வருவதுதான் வழி. அப்படி ஆடி மாதத்தில் புறப்பட்டால் கதிர்காமத் திருவிழாவோடும் ஒத்துவரும். ஆனால் திருவிழா நாட்களில் கதிர்காமத்தில் அறை கிடைப்பது கடினம், யால வாசலில் ஜீப் வரிசையும் நீளும். திருவிழா முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து அங்கே போய்ச் சேரும்படி சுற்றைப் போட்டால் இரண்டும் நிம்மதி.

இனி எந்தப் பூங்கா? நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தேசிய பூங்காக்கள் இருக்கின்றன. வடக்கிலேயே சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகிய நான்கும் 2015 ஜூனில் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் சுண்டிக்குளத்துக்கு உரிய காலம் மாரி. பூநாரையும் வலசைப் பறவைகளும் அப்போதுதான் வரும். ஓகஸ்டில் போனால் காய்ந்த உப்புத்தரையும் காற்றும்தான். அதைத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நீண்ட சுற்றுக்கு என் தெரிவு நான்கு: வில்பத்து, மின்னேரியா, குமண, யால. அதற்கு மேல் ஒன்றையும் சேர்க்க வேண்டாம். நாலு பூங்காவுக்குப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். வீட்டில் யாராவது 'அப்படியே உடவளவ, ஹோட்டன் சமவெளி, சிங்கராஜ' என்று தொடங்குவார்கள், விடாதீர்கள். ஹோட்டன் சமவெளி ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றின் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவில் இருக்கும். உலக முடிவு என்ற அந்த மலை விளிம்பில் போய் நின்றால் வெள்ளைத் திரைதான் தெரியும். அதற்கு உரிய காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

புறப்பாடு. நமது வழக்கம் இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு விடிய எங்காவது போய் நிற்பது. ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் பார்ப்போம். அந்த மிச்சம் முழுதும் சாரதியின் நித்திரையில் இருந்து எடுத்தது. காட்டுப் பயணத்தில் இந்தப் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். மதவாச்சி தாண்டியதும் யானை ரோட்டைக் கடக்கும் நாடு தொடங்குகிறது. ஹபரணை – பொலன்னறுவை வீதி, வெலிக்கந்தை – புணானைப் பகுதி, புத்தளை – கதிர்காமம் வீதி இவையெல்லாம் பொழுது பட்டபின் வானோட்டக் கூடாத இடங்கள். கருத்த மிருகம், கருத்த ரோடு. வெளிச்சம் விழும்போது தூரம் இருக்காது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் செத்தன. ரயிலுக்கு நிறுத்தத் தூரம் போதவில்லை.

ஆகவே அதிகாலை நாலரை மணிக்குப் புறப்படுங்கள். வான் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் தேங்காய் உடைத்து, மருதனார்மடத்தால் உரும்பிராய், கோப்பாய், கைதடி என்று ஏ9 ஏறினால், வெயில் சுடத் தொடங்கும்போது முறிகண்டியில் நிற்கலாம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகும் யாழ்ப்பாண வான் இல்லை. கட்டிக் கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் அங்கேயே சாப்பிடுங்கள். கச்சானை வாங்கி வையுங்கள். எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். அம்மம்மா, அப்பப்பா இருக்கும் வானில் இடைநிறுத்தங்களைக் கழிப்பறையை வைத்துத்தான் போட வேண்டும், பார்க்கும் இடத்தை வைத்தல்ல. ஒன்றரை மணிக்கு ஒருமுறை நின்றால் வயோதிபர் தண்ணீர் குடிக்கப் பயப்பட மாட்டார்கள். இல்லாவிட்டால் காலையில் இருந்து வாய் நனைக்காமல் வந்து மூன்றாம் நாள் மயங்கி விழுவார்கள். முகமாலை, பளைப் பக்கம் நிற்க நேர்ந்தால் ரோட்டை விட்டுக் காணிக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்த மண் அது.

வில்பத்துவுக்கு அனுராதபுரம் போய், புத்தளம் வீதியால் மேற்கே திரும்ப வேண்டும். ஹுனுவில்கம வாசல். 1938இல், யால அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது இது. 1,317 சதுர கிலோமீற்றர், நாட்டிலேயே பெரியது. போர்க்காலத்தில் பல ஆண்டு மூடிக் கிடந்ததால் எங்கள் வயதுக்காரர் பலருக்கு இது பேர் மட்டும் தெரிந்த காடு. வில்லு என்று சொல்லும் இயற்கைக் குளங்கள் இங்கே ஏராளம். மழைநீர் தேங்கி நிற்கும் மணற்கரைப் பள்ளங்கள் அவை. ஒரு வில்லுவில் இருந்து இன்னொரு வில்லுவுக்குக் காட்டுப்பாதையால் போவதுதான் இங்கே பயணம். தூரம் அதிகம் என்பதால் அரை நாள் ஜீப் காசுக்கு வஞ்சகம்; முழு நாள் எடுங்கள். மேற்குக் கரையில் குதிரைமலை முனை இருக்கிறது, அல்லி அரசியின் கதை சொல்லும் இடம். அங்கே போய் வரவே நாள் முடியும். முதல் முறை போகிறவர்கள் வில்லுகளோடு நின்றுவிடலாம்.

இங்கே கண் பழக ஒரு வழி சொல்கிறேன். பாலைப்பழம் நமக்குத் தெரியும். வன்னியில் இருந்து சாக்கில் வந்து சந்தையில் பேணியால் அளந்து விற்பார்கள். தின்றால் உதட்டில் பால் ஒட்டி, நல்லெண்ணெய் தடவினால்தான் போகும். அந்தப் பாலைமரம்தான் வில்பத்துவிலும் யாலவிலும் கரடிக்குச் சோறு. வைகாசி, ஆனியில் பழுக்கத் தொடங்கினால் கரடி மரம் ஏறி, கொப்பை வளைத்து, வாய் நிறைய உருவித் தின்னும். மற்ற மாதங்களில் பற்றைக்குள் தலைகாட்டாத மிருகம், பழக் காலத்தில் பகல் வெளிச்சத்தில் மரத்தில் இருக்கும். ஓகஸ்டில் பழம் முடிந்திருந்தாலும் பாலைமரத்து அடியைப் பாருங்கள்: பட்டையில் நகம் இழுத்த நீளக் கோடுகள், அடியில் கொட்டை நிறைந்த எச்சம். முதிரை, வீரை, கருங்காலி, விளா என்று ஒவ்வொரு மரத்தையும் அம்மம்மா பெயர் சொல்லிக் காட்டுவார். சிறுத்தையை மட்டும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை அரைமணி நேரம் அமைதியாக வைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சிறுத்தையைப் பற்றி ஒரு சொல். இந்தத் தீவில் புலி இல்லை, சிங்கம் இல்லை. காட்டில் சிறுத்தைக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதால் அது பகலிலும் துணிந்து திறந்த வெளியில் கிடக்கும். உலகம் முழுதும் இருந்து ஆட்கள் இங்கே வருவது அதற்குத்தான். ஆனால் 'சிறுத்தை காட்டினால் ஐயாயிரம் மேலே தருகிறேன்' என்று ஜீப்காரருக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் ஒரு மிருகத்திலும் நில்லாமல், தொலைபேசியில் செய்தி வந்த இடத்துக்கெல்லாம் பறப்பார். பூங்காவுக்குள் வேக எல்லை மணிக்கு 25 கிலோமீற்றர். அதற்குமேல் ஓடினால் முதுகுநோக்காரருக்குத் தண்டனை. பின் அச்சுக்கு மேலே இருக்கும் கடைசி வரிசை இன்னும் மோசம். வயோதிபரை நடு வரிசையில் இருத்துங்கள். ஜீப்பில் ஆறு பேர் வசதி; பன்னிரண்டு பேர் குடும்பத்துக்கு இரண்டு ஜீப் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

காசுக் கணக்கில் பலர் ஏமாறும் இடம் வேறு. நுழைவுக் கட்டணம் தேசிய அடையாள அட்டை உள்ளவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தவருக்கு டொலரில் இன்னொரு விலை. இரண்டுக்கும் இடையில் பல மடங்கு. ஸ்காபரோவில் இருந்து வந்த சித்தப்பா குடும்பம் நாலு பேரும் வானில் இருந்தால் ரிக்கெற் செலவு முழுதும் அவர்கள் பக்கம்தான் விழும். வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் மேலதிகமாகச் சேரும். இதை முறிகண்டியிலேயே பேசி முடித்துவிடுங்கள். வாசலில் நின்று பேசினால் மனஸ்தாபம். உள்ளூர்க்காரர் அனைவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பங்களா கிடைத்தால் விடாதீர்கள். இந்தச் சுற்றின் சிறந்த இரவுகள் அவைதான். பத்துப் பேர் அளவில் படுக்கலாம். பல பங்களாக்களில் மின்சாரம் இல்லை அல்லது பேருக்கு இருக்கும். பராமரிப்பாளர் சமைத்துத் தருவார், ஆனால் சாமான் நாம் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் நமது வான் பழக்கம் கைகொடுக்கிறது. பச்சையரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு, ஒடியல்மா, படுக்கை விரிப்பு, ரோச்லைற் எல்லாம் கட்டுங்கள். வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் ஒரு போத்தல் முக்கியம். தூளைக் கொடுத்து எவ்வளவு போடுவது என்று கையால் காட்டிவிட்டால் காட்டு நடுவில் வீட்டுக் கறி கிடைக்கும். சுன்னாகச் சந்தை மீனை ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் ஆசையை விடுங்கள். முதல் நாளோடு அது சரி. காஸ் சிலிண்டரை வெயிலில் ஓடும் வானுக்குள் ஆட்களோடு ஏற்றவே கூடாது. கதிர்காமம் போகும்வரை சைவம் என்று நேர்ந்திருப்பவர்கள் பூங்கா இரவுகளையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். கருவாட்டைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழம் மட்டும் கவனம். ஜீப்பில் வாழைப்பழச் சீப்போ மாம்பழமோ வேண்டாம். யாலவில் கெமுனு என்ற கொம்பன் ஜீப்புகளுக்குள் தும்பிக்கையை விட்டுச் சாப்பாட்டுப் பொதியை இழுத்தெடுத்தே பேர் வாங்கியது. புத்தளை – கதிர்காமம் வீதியிலும் யானைகள் வாகனத்தை மறித்துப் பழம் கேட்டு நிற்கும். அதைப் பழக்கியவர்கள் நம்மைப்போல அந்த வழியே போன பக்தர்கள்தான். கொடுப்பது புண்ணியம் என்று வீட்டில் பெரியவர்கள் நினைப்பார்கள். ரோட்டில் கைநீட்டப் பழகிய யானைக்குக் கடைசியில் வெடியோ சூடோதான் கிடைக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

வில்பத்துவில் இருந்து ஹபரணை. மின்னேரியாக் குளம் மகாசேன மன்னன் கட்டியது; சுற்றியுள்ள காடு 1997இல் தேசிய பூங்காவானது. ஜூலையில் இருந்து ஒக்ரோபர் வரை குளத்து நீர் வற்ற வற்ற, வெளிப்படும் சேற்றுத் தரையில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காகச் சுற்றுவட்டக் காட்டு யானைகள் குட்டிகளோடு வந்து சேரும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் இருநூறு முந்நூறு வரை நிற்கும். இங்கே காலைச் சவாரி வீண். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்தான் அவை காட்டை விட்டு இறங்கும். ஆனால் 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின், வயலுக்குத் தேவையான தண்ணீரை வறட்சியிலும் மின்னேரியாவுக்குத் திறந்துவிடுகிறார்கள். குளம் நிரம்பி நின்றால் புல் தண்ணீருக்குள். யானை கவுடுல்ல பக்கமோ ஹுருலுப் பக்கமோ போய்விடும். ஆகவே ஹபரணையில் ஜீப் பேசும்போது 'மின்னேரியா' என்று பேரைப் பிடித்து நிற்காமல், 'இந்தக் கிழமை யானை எங்கே?' என்று கேளுங்கள். மூன்றும் பக்கம் பக்கம். கொம்புள்ள யானை பார்க்க முடியவில்லை என்று பிள்ளைகள் சலித்தால் சொல்லலாம்: இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கொம்பு இருக்கும்.

இதற்குப்பின் ஒரு பூங்காவும் வேண்டாம், நேரே மட்டக்களப்பு. வழியில் புணானை வரும். 1924இல் இந்தப் பக்கம் ஆள்கொல்லிச் சிறுத்தை ஒன்றைச் சுட்டார்கள்; கிறிஸ்ரோபர் ஒண்டாச்சி 1992இல் அந்தப் பேரில் ஒரு புத்தகமே எழுதினார். வானுக்குள் கதை சொல்ல நல்ல இடம், பகலில் போனால். மட்டக்களப்பில் இரண்டு இரவு தங்குங்கள். உடுப்பைத் தோயுங்கள், சாரதியை ஒரு முழுப் பகல் நித்திரை கொள்ள விடுங்கள், தமிழில் கடையில் சாமான் வாங்குங்கள். நீண்ட பயணத்தில் ஆறாம் ஏழாம் நாள்தான் பிள்ளைகள் சண்டை பிடிப்பதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் தொடங்கும். அந்த இடத்தில் ஓய்வு நாள் போட்டிருந்தால் மீதிச் சுற்றுத் தப்பும்.

பிறகு கடற்கரையோடு தெற்கே கல்முனை, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே குமண வாசல். நம்மவர் கூமுனை என்பார்கள். முன்பு யால கிழக்கு என்றிருந்து 2006இல் பெயர் மாறியது. யாலவோடு பார்த்தால் கூட்டமே இல்லை. நாரை, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும் உச்சம் ஜூலையோடு முடிந்திருக்கும். ஆனாலும் குமண வில்லுவில் சங்குவளை நாரை நிற்கும், யானை தனியனாக வரும்.

உகந்தையில் நின்று தெற்கே பார்த்தால் இந்தப் பயணம் புதியதல்ல என்பது புரியும். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வந்து இங்கேதான் காட்டுக்குள் இறங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு கிழமை அளவில் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். குமண, யால என்ற இரண்டு பூங்காக்களுக்குள்ளாலும், கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நாட்கணக்கில் நடப்பார்கள். ஜீப்பை விட்டுக் கால் நிலத்தில் வைக்கவே மற்றவருக்கு அனுமதி இல்லாத காட்டில், கைக்குழந்தையோடும் கிழவியோடும், ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து, மருதமர நிழலில் படுத்து, அரோகரா சொல்லிக்கொண்டு குடும்பங்கள் போகின்றன. காட்டில் எதைக் கொண்டுபோவது, எப்போது நடப்பது, எங்கே பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உங்கள் ஒழுங்கையிலேயே நடந்தவர் ஒருவர் இருப்பார். புறப்பட முன் அவரோடு அரைமணி நேரம் இருந்து பேசுங்கள்.

அவர்கள் நடக்கும் அந்தப் பாதை வானுக்கு இல்லை. உகந்தையில் இருந்து திரும்பிப் பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தளை என்று பெரிய வட்டம் அடித்துத்தான் கதிர்காமம் போக முடியும். பொத்துவில் தாண்டியதும் லகுகலைக் குளம் ரோட்டோரமே வரும். அங்கே வானில் இருந்தபடியே காசில்லாமல் யானை பார்த்தவர்கள் பலர். மெதுவாகப் போங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள்.

கதிர்காமத்தில் தங்கினால் யாலவுக்குக் கட்டகமுவ வாசல் கிட்ட. திஸ்ஸமஹாராமையில் தங்கினால் பலட்டுபான வாசல். முதலாம் பிரிவு 141 சதுர கிலோமீற்றர்தான். விடுமுறை நாளில் அதற்குள் நூற்றுக்கணக்கான ஜீப். சிறுத்தை ஒன்று மரத்தில் படுத்தால் அடியில் சுன்னாகச் சந்தி நெரிசல். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்துக் கிழமை நாளில், காலை ஐந்தரைக்கே வாசலில் நில்லுங்கள். உள்ளே இறங்க அனுமதி உள்ள ஒரு சில இடங்களில் பட்டனங்கலைக் கடற்கரை ஒன்று. 2004 சுனாமியில் அங்கே இருந்த பங்களாவும் அதில் நின்றவர்களும் போனதன் நினைவுச்சின்னம் நிற்கிறது.

விட வேண்டிய பழக்கம் இன்னும் ஒன்று மிச்சம். நாம் ஆறில்லாத ஊர்க்காரர். ஓடும் தண்ணீரைக் கண்டால் வானை நிறுத்தச் சொல்லி, சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்காமல் விட மாட்டோம். இந்தச் சுற்றில் வரும் குளம், ஆறு, களப்பு பெரும்பாலானவற்றில் முதலை உண்டு. கரையில் மரக்கட்டை மாதிரிக் கிடப்பதை எண்ணிவிட்டு இறங்குவோம் என்பார்கள். தெரிவதை மட்டும்தானே எண்ண முடியும். குளிக்க ஆசையென்றால் கதிர்காமத்தில் மாணிக்க கங்கைப் படித்துறை இருக்கிறது, ஊரே குளிக்கும் இடம்.

மருந்துப் பையில் பிரஷர், சீனி வருத்தக் குளிசைகள் நாலு நாள் கூடுதலாக, ஜீவனிப் பக்கெற்றுகள், உண்ணி பிடுங்க ஒரு சின்ன இடுக்கி. அம்புலன்சுக்கு 1990, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992. வானில் ஒருவராவது சிங்களம் பேசத் தெரிந்தவராக இருந்தால் பேரம், வழி, சாப்பாடு மூன்றும் இலகு. சாப்பாட்டைப் பனையோலைப் பெட்டியிலோ வாழையிலையிலோ கட்டினால் பொலித்தீன் பிரச்சினை வாசலில் வராது.

கதிர்காமத்தில் இருந்து வெல்லவாய, எல்ல, கண்டி, தம்புள்ளை வழியாகத் திரும்புங்கள். கண்டியில் ஒரு இரவு போதும். இவ்வளவு நாள் கிடைக்காது, கந்தோரில் மூன்று நாள்தான் லீவு என்பவர்கள் நாலு பூங்காவையும் மூன்று நாளுக்குள் திணிக்காமல், வில்பத்துவை மட்டும் எடுங்கள். வெள்ளி அதிகாலை உடுவிலில் ஏறினால் மத்தியானத்துக்கு ஹுனுவில்கம. இரண்டு இரவு, ஒரு முழு நாள் ஜீப், ஒரு காலைச் சவாரி. ஞாயிறு பொழுது படமுன் ஏ9இல் முறிகண்டியைத் தாண்டிவிடலாம்.